ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும் தொடர்சிகிச்சை

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியையும் போதைப்பொருளையும் விட்டவர் எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிப்பார் என்பதை, சிகிச்சைக்காகப் படுத்திருந்த நாட்களைவிட, வீடு திரும்பிய பின் அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. 90 நாட்களுக்குக் குறைந்த சிகிச்சையால் பயன் குறைவே என்கிறது அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம். பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் என் சித்தப்பா மகன் மூன்றே வாரத்தில் ‘குணமாகி’ வந்தார். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு பழைய கூட்டாளிகளோடு அதே வேனில் ஏறியவருக்கு, ராயக்கோட்டை தாண்டுவதற்குள் பாட்டில் திறந்தாகிவிட்டது.

இரண்டாம் முறை, மேஸ்திரி கூலியை நேராக அண்ணியின் வங்கிக் கணக்கில் போட்டார். அண்ணனோ வேனை விட்டுவிட்டுத் தனியாகப் பேருந்தில் வந்தார். ஆறு மாதத்துக்கும் மேலாக மனநல மருத்துவரைப் பார்த்து, அதுவரை யாரும் கவனிக்காத மனச்சோர்வுக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டார். இடையில் ஒருமுறை சறுக்கியபோது, திட்டாமல் (நான் திட்டினேன், அது வேறு கதை) மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப்போக அண்ணி இருந்தார்.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் இருப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதால், நம் மாவட்டத்தின் வட்ட அரசு மருத்துவமனைகளில் அன்று அரைநாளாவது போதை மீட்புத் தொடர்சிகிச்சைப் பிரிவு இயங்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.