கைப்பம்பு டாய்லெட்டோடு சுத்திகரிப்புக் கருவி: அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் படகுக்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். படகுகளைத் தண்ணீரில் இறக்கும் பருவம் வந்தாலே ஒரு கேள்வி கடைக்கு வந்துவிடும். "கையால் அடிக்கும் டாய்லெட்டை மாற்றாமல், எலக்ட்ரோ ஸ்கேன் மாதிரி ஒரு கழிவுச் சுத்திகரிப்புக் கருவியை மாட்டலாமா?" தாராளமாக மாட்டலாம். ஆனால் மின்சார டாய்லெட்டில் தானாக நடக்கும்படி செய்துவிடக்கூடிய இரண்டு வேலைகள் கைப்பம்பில் உங்கள் பொறுப்பாகிவிடும். கருவியை எப்போது ஓட விடுவது என்பது ஒன்று, எவ்வளவு தண்ணீர் அடிப்பது என்பது மற்றொன்று. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் வெளியே போவது சுத்தமான நீர்.

கருவியின் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கும். முதல் அறையில் கழிவு அரைபடும். மின்முனைகள் உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் வகைக் கிருமிநாசினியை அங்கேயே உண்டாக்கும். இரண்டாவது அறையில் அது கலங்கி, கிருமிகள் சாகும். நிரம்பிய தொட்டி என்பதால், நீங்கள் உள்ளே எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவும் மறுமுனையில் வெளியேறும். கருவியை ஓடவிடும் பொத்தானை அழுத்தாமல் பம்பை அடித்தால் சுத்திகரிக்காத கழிவு இரண்டாம் அறைக்கு நகரும். அடுத்தவர் அடிக்கும்போது அது அப்படியே ஆற்றில் கலக்கும். அதனால் முதலில் பொத்தான், பிறகு பம்ப். பொத்தானைப் பம்பின் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும் உயரத்தில் வைக்கச் சொல்கிறோம். விருந்தினர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள். ஒரு சுற்று முடிய இரண்டரை, மூன்று நிமிடம் ஆகும். அடுத்தவர் அதுவரை பொறுக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீரின் அளவு. ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 கேலன், அதாவது ஐந்தரை லிட்டர் சொச்சம் தான் கருவி தாங்கும். கையால் அடிப்பவர் பெரும்பாலும் பயத்தில் கூடுதலாகவே அடிப்பார். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தண்ணீர் உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு, கிண்ணத்தில் அளந்து ஒரு லிட்டர் ஊற்றி, எத்தனை அடியில் காலியாகிறது என்று எண்ணுங்கள். அதை வைத்து உங்கள் படகுக்கான எண்ணிக்கையைக் கணக்கிட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பம்புக்குப் பம்ப் இது மாறும் என்பதால் பொதுவான எண் ஒன்றை நாங்கள் தருவதில்லை.

செசபீக்கில் இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம் உப்புதான். பெருங்கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். விரிகுடாவின் வாய்ப்பகுதியில் அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் கருவிக்குத் தாராளம். வடக்கே சஸ்குவஹானா ஆறு வந்து சேரும் ஹாவ்ரே டி கிரேஸ் பக்கம் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீர். இடைப்பட்ட இடங்களில் பருவத்துக்குப் பருவம் மாறும். வசந்தத்தில் பனி உருகி, மழையும் சேர்ந்து உப்பைக் குறைத்துவிடும். கோடை முடிந்து இலையுதிர் காலத்தில் உப்பு ஏறும். போன அக்டோபரில் ஒழுங்காக ஓடிய கருவி இந்த மே மாதம் உப்புக் குறைவு என்று விளக்கு காட்டினால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். உப்புத் தொட்டி ஒன்றை டாய்லெட்டின் உறிஞ்சு குழாயோடு இணைத்தால் பம்ப் அடிக்கும்போதே கரைசலும் கலந்து வரும். மேல் விரிகுடாவில் படகு வைத்திருப்பவர்கள் இதைச் சேர்த்தே வாங்குங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். உப்பே இல்லாத தண்ணீரில் இந்தக் கருவி வெறும் அரவை இயந்திரம்தான்.

"கைப்பம்பு தானே, பேட்டரி எதற்கு?" என்பவர்களுக்கு: டாய்லெட்டுக்கு மின்சாரம் வேண்டாம், கருவிக்கு வேண்டும். 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 2 ஆம்பியர் மணி செலவாகும். ஒல்லியான வயர் போட்டால் வோல்ட் இறங்கி, கிருமிநாசினியும் குறையும். வயரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குழாய் வேலையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் பின்னோக்கி ஏறிப் படகு மூழ்காமல் காக்கும் காற்றுவழி வளைவை, உறிஞ்சும் பக்கத்தில் பம்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும். பம்புக்கு முன்னால் வைத்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். வெளியேற்றும் குழாயிலும் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு வளைவு வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, கரையிலிருந்து 3 மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடக்கூடாது. 65 அடி வரையான படகுகளுக்குக் கடலோரக் காவல்படையின் சான்று பெற்ற முதல் வகைக் கருவி போதும். அதிலிருந்து வெளிவரும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1000க்கு மேல் ஃபீக்கல் கோலிஃபார்ம் என்னும் மலக் கிருமிகள் இருக்கக்கூடாது, கண்ணுக்குத் தெரியும் மிதவையும் கூடாது. ஆனால் கழிவே விடக்கூடாத பகுதிகளில் சுத்திகரித்ததையும் விடக்கூடாது. மேரிலாந்தில் ஹெரிங் பே 2002இலும், வர்ஜீனியாவில் லின்ஹேவன் ஆறு 2007இலும் அப்படி அறிவிக்கப்பட்டன. அதன்பின் வேறு இடங்களும் சேர்ந்திருக்கின்றன. கிளம்புமுன் போகிற பாதையின் பட்டியலைப் பாருங்கள். அங்கே நுழையும்போது வெளியேற்று வால்வை மூடிக் கைப்பிடியைக் கழற்றுங்கள், அல்லது பூட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கருவி கிருமியைக் கொல்லும், நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுக்காது. பாசி பெருகி ஆக்சிஜன் குறைவதுதான் இந்த விரிகுடாவின் நெடுநாள் நோய். அதனால் சிப்பிப் படுகைகள் இருக்கும் ஒடுங்கிய ஓடைகளில் நங்கூரம் போடுபவர்கள், சட்டம் அனுமதித்தாலும், ஒரு சிறிய சேமிப்புத் தொட்டியும் வைத்துக்கொண்டு மரீனாவில் உறிஞ்சி எடுக்கச் சொல்வது நல்லது. கழிவைக் கருவிக்கோ தொட்டிக்கோ மாற்றிவிட ஒரு வால்வ் போதும்.

மின்முனைகளில் சுண்ணாம்பு படியும். கையேட்டில் சொன்ன இடைவெளியில் அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் பிளீச் எதுவும் கிட்டவே வரக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. முதல் தடவை கழுவும்போது கூட ஒருவர் இருந்தால் தைரியமாக இருக்கும் என்றால் கடைக்குச் சொல்லுங்கள், வந்து செய்து காட்டுகிறோம். வரும்போது உங்கள் துறையின் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதையும் அளந்து சொல்லிவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் படகு உபகரணக் கடையினர்