வாசகசாலை அலமாரிகள்

சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் மருமகளும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பங்காளிகள் கூடிப் பேசியதைச் சித்தப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். நம் வளவு வீட்டு முகப்பில் இருக்கும் வாசகசாலையைக் காலி செய்து, பர்மாத் தேக்கில் செய்த நான்கு அலமாரிகளையும் விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு உன் கையெழுத்தும் வேண்டும். வந்த பழம்பொருள் வியாபாரி அலமாரிக் கதவுகளைத் தட்டிப் பார்த்து நல்ல விலை சொன்னார். உள்ளே இருக்கும் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் எத்தனையோ வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் விலைக்கு நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய். வீட்டை விற்பது அவரவர் பாடு; வாசகசாலை நம் ஒரு வீட்டுச் சொத்து அன்று என்பதால், நீ கையெழுத்திடுவதற்கு முன் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் ஐயாவின் அப்பச்சி, அதாவது உன் தாத்தாவின் தந்தை, காலத்தில் நம் பக்கத்து ஊர்களில் படிப்பின் மேல் ஒரு பெரும் வேட்கை எழுந்திருந்தது. மேலைச்சிவபுரியில் 1909-இல் தமிழ் வளர்க்கச் சன்மார்க்க சபை தோன்றியது. தமிழறிஞர் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் அதற்கு உயிராக நின்றார். காரைக்குடியில் 1917-இல் இந்து மதாபிமான சங்கம் எழுந்தது. 1919-இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்து, அந்தச் சங்கத்தாரை வாழ்த்திப் பாடினார். கையில் தடியோடு அவர் நிற்கும் புகைப்படம் காரைக்குடியில் எடுத்ததுதான். பர்மாவில் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பியவர்கள், தேக்கையும் பீங்கானையும் போலவே புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். கோவிலுக்கும் ஊரணிக்கும் என்று வியாபாரத்தில் ஒதுக்கிய மகமை என்னும் தருமப் பணத்தில் ஒரு பங்கைப் பிரித்து, நம் ஊரார் இந்த வாசகசாலையை வைத்தார்கள்.

அதைக் கணக்குத் தெரிந்தவர்கள் நடத்தியதால், புத்தகம் கொடுக்கும் பதிவேடும் கடைப் பேரேடு போலவே இருக்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு பக்கம். புத்தகம் எடுத்தால் பற்று, திருப்பினால் வரவு. நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் அந்தப் பேரேடுகளைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டு வியந்தேன். இன்ன வீட்டு ஆச்சிக்காகப் பையன் வசம் கொடுத்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. முகப்பில் ஆண்கள் உட்கார்ந்திருந்ததால் அங்கு வந்து நிற்க முடியாத பெண்கள், வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் இருந்தபடியே சிறுவர்களை அனுப்பிப் புத்தகம் வாங்கிப் படித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத உன் அப்பத்தா, ஒரே மழைக்காலத்தில் பதினேழு புத்தகங்கள் எடுத்திருக்கிறார். அவற்றுள் பாதி துப்பறியும் நாவல்கள். அந்தப் பக்கத்தை எடைக்குப் போட என் கை வராது.

மறைக்காமல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பொது வாசகசாலை என்று பலகை இருந்தாலும், தொடக்கத்தில் ஊரில் எல்லாரும் படியேறி வர முடியவில்லை. திண்ணையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, வேறு தெருக்காரர்கள் வீதியில் நின்று கேட்டார்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பணம் வருவது நின்றது. காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் சேர்ந்தவர்கள், வேலையின்றி இருந்த நாட்களில் இங்கு உட்கார்ந்து படித்தார்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் அவர்களின் நீண்ட முயற்சியால், வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து, படிப்பது தருமத்தை நம்பி நிற்கும் காரியமாக இல்லாமல் ஊரார் அனைவரின் உரிமையாயிற்று. சட்டம் நம் முகப்பைத் தொடவில்லை என்றாலும் உன் அப்பச்சியின் மனத்தைத் தொட்டது. அவர் பொறுப்பேற்ற ஆண்டில், ஊரணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பள்ளி மாணவனை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவன் பெயரில் தம் கையாலேயே புதுப் பக்கம் எழுதினார். சில பங்காளிகள் ஓராண்டு நம் வீட்டுப் படியேறவில்லை. அவர் வருந்தவில்லை, எனக்கும் அதில் பெருமைதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பார். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர், மற்றவர்கள் கழித்துப் போட்ட புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. நல்ல வேளையாக அது கடல் கடந்து போகாமல், 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. நம்மிடம் அத்தனை இல்லை. இருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சமும் பேரேடுகளும் இந்த ஊருடையவை.

ஆகையால் விற்பனைக் காகிதத்தில் நீ கையெழுத்திட வேண்டாம். பழைய அச்சுப் புத்தகங்களையும் பேரேடுகளையும் மின்படியாக்க இசைவு தெரிவித்து ஒரு கடிதம் மட்டும் அனுப்பு. சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன். மற்றவை ஊர்ப் பிள்ளைகளுக்காக அதே அலமாரிகளில் இருக்கட்டும். ராமபாணப் பூச்சி அரித்தவற்றைப் பிரித்து வைத்துவிட்டேன். மீதிக்கு வசம்பும் வேப்பிலையும் வைத்திருக்கிறேன். கடைசிப் பேரேட்டில் உன் பக்கத்தில் ஒரு புத்தகம் இன்னும் பற்றிலேயே நிற்கிறது. அங்கு இருந்தால் வரும்போது எடுத்து வா.

முகப்பின் வடமேற்கு மூலையில் ஓடு ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்குள் மாற்றியாக வேண்டும். கூலிக்கு என் ஓய்வூதியம் போதும். ஓட்டுக்கு மட்டும் நீ அனுப்பு.

அன்புடன்,
ஆத்தா