தொண்டி கடற்கரையின் கோடைப் பூக்களைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பொதுமக்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: தொண்டி கடற்கரையில் கோடையில் பூக்கும் அடப்பங்கொடி முதலான மணற்செடிகளை இயந்திரம் கொண்டு அகற்றுவதைத் தடுத்து, பூக்களைக் கண்டு நடந்து செல்ல ஒற்றையடிப் பாதை வகுத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கடல் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்குத் தொண்டி கிட்டத்துக் கரை. தேவகோட்டை, திருவாடானை வழியாக இருட்டோடு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மணலில் கால் வைத்துவிடலாம். பள்ளி விடுமுறையை ஒட்டி வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினர்கள் பிள்ளைகளோடு ஊர் திரும்பும் சித்திரை, வைகாசி மாதங்களில், அவர்களை அழைத்துக்கொண்டு கரையோரமாக நடந்து, அங்கே பூத்திருப்பவற்றைப் பெயர் சொல்லிக் காட்டி வருவதை நாங்கள் வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

எங்கள் பக்கத்துச் செம்மண் காடுகள் காய்ந்து கிடக்கும் அதே மாதங்களில் கடலோர மணல் பூத்துக் கிடக்கிறது. அடப்பங்கொடியின் பூ காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் வாடிவிடும் என்பதால், அதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். குனிந்து பார்த்தால் இளஞ்சிவப்புப் புனலின் அடித்தொண்டை மட்டும் கருஞ்சிவப்பாக இறங்கியிருப்பதும், உள்ளே வண்டு புகுந்து மகரந்தம் பூசி வெளியேறுவதும் தெரியும். ஆட்டுக்குளம்பு போல இரண்டாகப் பிளந்த அதன் இலையைக் கிள்ளினால் பால் கசியும். சற்று மேட்டில் நெருஞ்சியின் மஞ்சள் பூக்கள் கதிரவனை நோக்கி விரிந்திருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பூக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்து இங்கே குடியேறிய செடிதான் என்றாலும், குருதிப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் என்னும் மருந்து அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று சொன்னதும் பிள்ளைகள் அதை மறுபடி திரும்பிப் பார்க்கிறார்கள். எருக்கும் பூவரசும் எங்கள் ஊரிலும் உண்டு. அடப்பங்கொடி கடலோரத்துக்கே உரியது. கடல் நீரில் மிதந்து வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்க வல்ல விதை அதனுடையது.

சென்ற கோடையில் இக்கரையின் ஒரு பகுதியில், சுத்தம் செய்யும் பணி என்று சொல்லிப் பொக்லைன் இயந்திரத்தை இறக்கி, பிளாஸ்டிக் குப்பையோடு சேர்த்து அடப்பங்கொடியையும் வேரோடு வாரிக் குவித்துவிட்டார்கள். பூவும் மொட்டுமாக இருந்த கொடிகள் சாலையோரத்தில் வெயிலில் கருகிக் கிடந்ததை நாங்கள் நேரில் கண்டோம். குப்பையை அகற்றியவர்களின் நோக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. கரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். ஆனால் அந்தக் கொடி குப்பை அன்று. ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுப் படரும் அது, காற்று கொண்டுவரும் மணலைத் தன் மேல் வாங்கித் தேக்கி, சிறுகச் சிறுக மேடாக்குகிறது. பாக் விரிகுடாவின் இந்தக் கரையைக் கடல் அரிப்பது பெரும்பாலும் ஐப்பசி முதல் வீசும் வாடைக்காற்றுக் காலத்தில்தான். வைகாசியில் வழித்தெடுத்த இடத்தில் ஐப்பசிக்குள் கொடி மறுபடி மூடிப் படர அவகாசம் போதாது. வெற்று மணலாகவே அது வாடையைச் சந்திக்க நேரிடும்.

மீனவப் பெரியவர்கள் சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் அடப்ப இலையின் சாற்றைத் தடவும் பழக்கத்தை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கொடி வேண்டியதாகவே இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைச் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளதையும், மாவட்ட அளவில் கடலோர மண்டல மேலாண்மைப் பொறுப்பு தங்கள் தலைமையில் இயங்குவதையும் கருத்தில் கொண்டே இம்மனுவைத் தங்களிடம் அளிக்கிறோம்.

எனவே, கடற்கரைத் தூய்மைப் பணியில் மணல்மேட்டுப் பகுதிக்குள் கனரக இயந்திரங்களை இறக்காமல், குப்பையைக் கையால் பொறுக்கி எடுக்கும்படி உரிய அலுவலர்களுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்துமாறு முதன்மையாகக் கேட்டுக்கொள்கிறோம். குறிப்பாக, பூக்காலத்தோடு இணைந்து வரும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இது கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும். இயந்திரம் தேவைப்படும் வேலை அங்கே இல்லாமல் இல்லை. கரையை அடுத்த நிலங்களில் மண்டி வரும் சீமைக்கருவேலத்தை அகற்ற அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்து, கார்களும் இருசக்கர வாகனங்களும் கொடிகளின் மேல் ஏறாதவாறு மரக்கட்டைகளை நட்டு எல்லை குறித்து, நடப்பவர்களுக்கு மட்டும் ஒற்றையடிப் பாதை ஒன்றை வகுத்துத் தர வேண்டுகிறோம். படகு ஏற்றும் இடங்களும் வலை உலர்த்தும் இடங்களும் மீனவர்களின் உரிமை என்பதால், அவர்களைக் கலந்து பேசிய பிறகே பாதையின் போக்கை முடிவு செய்ய வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக உள்ளோம். சிமெண்ட் தளமோ அலங்கார விளக்குகளோ வேண்டாம். செடிகளின் தமிழ்ப் பெயரையும் அவை பூக்கும் மாதத்தையும் தாங்கிய சிறு பலகைகள் போதும்; அவற்றுக்கான வாசகங்களை எழுதித் தரவும், பலகைகளின் செலவை ஏற்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

தாங்கள் கள ஆய்வுக்கு நாள் குறித்தால், காலை ஏழு மணிக்குள் அமையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். அப்போதுதான் கொடி பூவோடு இருக்கும். வழிகாட்ட எங்களில் சிலர் வந்து காத்திருப்போம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பொதுமக்கள்

இடம்: தேவகோட்டை
இணைப்பு: மனுதாரர்களின் கையொப்பங்கள், கரையின் நிழற்படங்கள்