பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு விடுதிப் பள்ளி என்றாலே அது வசதியானவர்களுக்கு என்று நம் ஊரில் முடிவு கட்டிவிடுகிறார்கள். என் மகள் 16 வயதில் வேல்ஸில் உள்ள அட்லான்டிக் கல்லூரிக்குப் போனது முழுக்க உதவித்தொகையில்தான். 1962-ல், பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிப் படித்தால் பகை குறையும் என்ற ஜெர்மனியில் பிறந்த கல்வியாளர் கூர்ட் ஹானின் எண்ணத்தில் கடலோரக் கோட்டை ஒன்றில் தொடங்கிய பள்ளி அது. நம் பிளஸ் டூ மாதிரி, இரண்டு வருட ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) என்ற சர்வதேசப் படிப்பு. அந்தந்த நாட்டுத் தேர்வுக் குழு மூலமாகவும் சேரலாம், குடும்பத்தின் நிலையைப் பார்த்து உதவித்தொகையும் உண்டு.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் டிசம்பரில், "நாலு மணிக்கே இருட்டிடுதும்மா" என்று போனில் அழுதாள், எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. அப்புறம் நான் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியை அறைத்தோழிகளே பாதி காலி செய்துவிட்டார்கள் என்று சிரித்தபோதுதான் நிம்மதி வந்தது.

அட்லான்டிக் கல்லூரி இருக்கும் யுடபிள்யூசி (யுனைட்டெட் வேர்ல்ட் காலேஜஸ்) என்ற பள்ளிக் குழுமத்தின் இன்னொரு பள்ளி புனே அருகே 1997-லிருந்து இருப்பதுகூட இங்கே பல ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் படும்படி உங்கள் கல்விப் பக்கத்தில் இதை விரிவாகப் போடுங்கள்.

ஒரு தாய்,
திருநெல்வேலி