மொய் நோட்டு உண்டு, சாமான் நோட்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழைக்கு முன்னால் வீட்டில் என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் போட்டிருந்தீர்கள். டார்ச், மெழுகுவர்த்தி, மாத்திரை, குடிதண்ணீர், ஆதார் கார்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பது, எல்லாம் சரி. வீட்டில் கிடக்கும் சாமான்களுக்கு ஒரு பட்டியல் எழுதி வைக்கச் சொல்ல மறந்துவிட்டீர்கள். இது என்ன பெரிய விஷயம் என்று நானும்தான் இருந்தேன், 2023 டிசம்பர் 18 காலையில் திருநெல்வேலியில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வரும் வரைக்கும்.

அந்த மழையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஜங்ஷன், கைலாசபுரம், சிந்துபூந்துறை எல்லாம் தண்ணீர். குறுக்குத்துறை முருகனையாவது வெள்ளம் வருகிறது என்றால் மேலக்கோயிலுக்கு எடுத்து வந்துவிடுவார்கள், நம் பீரோவை யார் தூக்குவது? 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் "வாசப்படி வரைக்கும் வரும், அப்புறம் வடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வடியவில்லை.

வண்ணார்பேட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த என் தங்கை குடும்பம் மாடியில் வீட்டுக்காரர் வீட்டில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தது. கீழே இடுப்பளவுத் தண்ணீர். வடிந்ததும் எல்லாரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். மெத்தை, பிளைவுட் அலமாரி, ஊறிப்போன அரிசி மூட்டை, சேறு அப்பிய சேலை என்று எல்லாவற்றையும் வாரித் தெருவில் போட்டாள், மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆனால் அவள் வீட்டுச் சாமானுக்கு 3 லட்சத்துக்கு ஒரு இன்சூரன்ஸ் பாலிசி வைத்திருந்தாள், தெரிந்த ஏஜென்ட் ஒருத்தர் கேட்டாரே என்று எடுத்தது. நாலு நாள் கழித்து, சேதத்தைக் கணக்குப் பார்க்கும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கிறார், காட்ட வீட்டில் ஒன்றும் இல்லை. போட்டோ? எடுக்கவில்லை. பில்? அது பீரோவுக்குள் இருந்தது, பீரோ லாரியில் போனது. சரி, ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லுங்கள் அம்மா என்றிருக்கிறார் அந்த மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி, கிரைண்டர், கட்டில், அவ்வளவுதான் வாயில் வந்தது. பணமும் அந்த அளவுக்குத்தான் வந்தது. முறுக்கு உரல் போனது அடுத்த தீபாவளிக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைகளின் இரண்டு சைக்கிள், தையல் மிஷின், கட்டில் பெட்டிக்குள் இருந்த பட்டுச் சேலை ஏழு, இவையெல்லாம் கிளைம் முடிந்து மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

நான் இருந்த நிலைமை அதைவிட மோசம். வீட்டுக் கடன் வாங்கியபோதே பேங்கில் இன்சூரன்ஸ் போட்டார்களே என்று தைரியமாக இருந்தேன். எடுத்துப் படித்தால் அது கட்டடத்துக்கு மட்டும். சுவருக்கும் கூரைக்கும் காப்பு உண்டு, சுவருக்குள் இருந்த ஒன்றுக்கும் கிடையாது. அதிகம் பாதித்த பகுதி என்று அரசு கொடுத்த 6,000 ரூபாய்தான் சாமான் கணக்கில் எனக்கு வந்தது. உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் இதே நம்பிக்கையில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், தயவுசெய்து இன்றைக்கே அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

நம் ஊர் கல்யாண வீட்டில் வாசலில் மேஜை போட்டு 101 ரூபாய்க்கும் பெயர், ஊர், தொகை என்று மொய் எழுதுகிறோம். 1987-ல் எந்த மாமா 11 ரூபாய் செய்தார் என்று என் அம்மா நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட ஊரில் பல லட்ச ரூபாய்ச் சாமானுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் உட்கார்ந்து எழுதினோம். முதலில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, மச்சு என்று நடந்தோம், ஒவ்வொரு கதவையும் இழுப்பறையையும் திறந்து காட்டி, வாயால் சொல்லிக்கொண்டே. அப்புறம் அதைப் போட்டுப் பார்த்து நோட்டில் ஏற்றினோம். எழுதுவதற்கு முன்னால் எல்லாம் சேர்த்து 3 லட்சம் இருக்கும் என்று சொன்னேன். முடித்துக் கூட்டினால் 8,70,000. தங்கம் இதில் சேரவில்லை. டி.வி.யும் பிரிட்ஜும் பெரிதாக ஒன்றும் வரவில்லை, துணிமணியும் அடுக்களையும்தான் தூக்கிவிட்டன. பரணில் மட்டும் தவலை இரண்டு, கொப்பரை ஒன்று, சருவச்சட்டி நாலு, செம்பு, போணி என்று பித்தளை கிடக்கிறது, எடை போட்டால் எவ்வளவு, இன்றைக்குக் கிலோ என்ன விலை! அந்தக் கொப்பரையின் கழுத்தில் ஆச்சியின் பெயரும் 1958 என்று வருஷமும் வெட்டியிருக்கிறது. பாத்திரத்தில் பேர் வெட்டுவது வெறும் பெருமைக்கு என்று நினைத்திருந்தேன், இது யாருடையது, எப்போது வந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

விலை போடுவதில்தான் தகராறு வந்தது. பத்து வருஷம் முன்னால் 14,000-க்கு வாங்கிய பிரிட்ஜுக்கு நான் 14,000 என்று எழுதினேன், மகள் அதை அடித்துவிட்டு அதே அளவு பிரிட்ஜ் இன்றைக்கு என்ன விலை என்று பார்த்து 26,000 என்று போட்டாள். அவள் செய்ததுதான் சரி, போனால் இன்றைய விலைக்குத்தானே வாங்க வேண்டும். கிளைமில் புதுச் சாமான் விலை தருவார்களா, தேய்மானம் கழிப்பார்களா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள். விலை போட முடியாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான், பத்தமடையில் சொல்லி வைத்து எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பேர் பெயரும் போட்டு நெய்த பட்டுப்பாய். வெள்ளத்தில் ஓரம் கறுத்துப்போய் இப்போதும் சுருட்டித்தான் இருக்கிறது.

அந்தக் கூட்டுத்தொகை எதற்கு என்றால், எவ்வளவுக்குப் பாலிசி எடுப்பது என்பதை அதுதான் சொல்லும், ஏஜென்ட் சொல்லக் கூடாது. 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரு பொதுவான வீட்டுப் பாலிசி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதற்குள் வரும். இதில் கட்டடத்தோடு சாமானையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் சாமானுக்குத் தானாகவே கிடைத்துவிடும், அதிகபட்சம் 10 லட்சம். அந்த அளவுக்குப் பட்டியல் கேட்க மாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் கட்டடத்துக்கு, மனை விலை இல்லாமல் திரும்பக் கட்ட ஆகும் செலவு 25 லட்சம் என்று வைத்தால் சாமானுக்கு 5 லட்சம். என் நோட்டோ 8,70,000 என்கிறது. மீதி 3,70,000-க்கும் காப்பு வேண்டுமென்றால் விவரம் எழுதிக் கொடுத்துக் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். நோட்டு இல்லாதவனுக்கு அந்த இடைவெளி இருப்பதே தெரியாது. வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.

குறைத்துப் போட்டால் என்ன, பிரீமியம் மிச்சம்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சில பாலிசிகளில் 8 லட்சம் பெறும் சாமானை 4 லட்சம் என்று எழுதியிருந்து, 2 லட்சத்துக்குச் சேதம் என்றால் 1 லட்சம்தான் தருவார்கள். பாதி மதிப்புக்குத்தானே எடுத்தாய், பாதிதான் என்பார்கள். நான் மேலே சொன்ன பாலிசியில் இந்த வெட்டு கிடையாது, அங்கேயும் எழுதிய தொகைக்கு மேல் ஒரு பைசா வராது.

நகை, வெள்ளிச் சாமான் இதில் சும்மா சேராது, தனியாக மதிப்புச் சொல்லி எடுக்க வேண்டும். பீரோவில் வைத்த ரொக்கத்துக்கும் பத்திரத்துக்கும் காப்பு இல்லை. வண்டிக்கு வண்டி இன்சூரன்ஸ். திருட்டு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளமோ தீயோ வந்து ஏழு நாளைக்குள் சாமான் களவு போனால் அந்தப் பாலிசியில் உண்டு. மற்றபடி நாம் சென்னைக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்தால் கிடையாது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர், ஆள் இல்லாத வீட்டுக்கு எத்தனை நாள் வரைக்கும் காப்பு என்பதையும் அவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டியலை வீட்டிலேயே வைத்தால் அதுவும் சேர்ந்துதான் நனையும். எங்களுடையது கோயம்புத்தூரில் மகன் போனில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று இருக்கிறது. கடைப் பில்லில் எழுத்து ஆறு மாதத்தில் அழிந்துவிடுகிறது, வாங்கிய அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், மெஷினின் முதுகில் இருக்கும் நம்பரையும் சேர்த்து. வெள்ளம் வந்துவிட்டால் முதலில் கம்பெனிக்குத் தகவல், அப்புறம் போட்டோ, அதற்கப்புறம்தான் லாரி. கம்பெனி சொல்லும் தொகை நியாயமில்லை என்றால் முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியின் அலுவலகம் இருக்கிறது, செலவு கிடையாது, வக்கீலும் வேண்டாம். என் தங்கைக்கு இது தெரிந்தபோது காலம் தாண்டிவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் அரைப் பக்கத்துக்கு வெறும் கட்டம் போட்டுத் தாருங்கள், சாமான், எண்ணிக்கை, வாங்கிய வருஷம், இன்றைய விலை என்று நாலு பத்தி போதும். பரணுக்குத் தனிக் கட்டம் கொடுங்கள், அதைப் பெரிதாகவே கொடுங்கள்.

இப்படிக்கு,
சிந்துபூந்துறை வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.