அடுப்பில்லாச் சமையல் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

சிறுவர் பகுதியில் நீங்கள் போடும் அடுப்பில்லாச் சமையல் குறிப்புகளை என் மகளும் மகனும் விடாமல் செய்து பார்க்கிறார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவி, வெள்ளரியை அடுக்கி, நிமிடத்தில் தட்டு காலி. சந்தோஷம்தான். ஆனால் பத்து வயதான பிறகும் இதையே கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி? கத்தியையும் நெருப்பையும் ஒளித்து வைத்துவிட்டு நாம் சொல்லித்தருவது சமையல் இல்லை, தட்டு அலங்காரம்.

சின்ன வயதில் கீரை ஆயட்டும், ஏழெட்டு வயதில் வாழைப்பழத்தை நறுக்கிப் பழகட்டும், சரி. அப்புறம் அடுப்புக்கு வரத்தானே வேண்டும்?

என் மகள் முதலில் வேகவைத்தது முட்டை. தண்ணீர் கொதித்த பிறகு 10 நிமிடம், எடுத்ததும் குளிர்ந்த நீரில் போட்டாள். உரித்தால் வெள்ளைக்கரு பாதி ஓட்டோடு போய்விட்டது. அழுகை. அதே அட்டையில் மிச்சமிருந்த முட்டைகள் அடுத்த வாரம் வழுவழுவென்று உரிந்து வந்தன. ஏன் என்று குடைந்தெடுத்துவிட்டாள். நாளாக ஆக, முட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, சவ்வோடு ஒட்டுவது குறைகிறது. இது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பயம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சிலவற்றைச் சொல்லிவிட்டேன். பாத்திரத்தின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்காதபடி எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உடனே என்னைக் கூப்பிட வேண்டும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கத்தி விஷயத்தில் பெரியவர்களே தப்புக்கணக்கு போடுகிறோம். மழுங்கிய கத்தியை அழுத்தி அழுத்தி வெட்டும்போதுதான் வழுக்கிக் கையில் படும். விரல் நுனிகளை உள்ளே மடக்கிப் பிடிக்கப் பழக்கினால் கூரான சின்னக் கத்தியே மேல்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது, பக்கத்தில் நின்றுகொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். மகன் வெங்காயம் நறுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மொத்தச் சமையலையே முடித்திருப்பேன்!

இனி மாதம் ஒரு குறிப்பாவது அடுப்போடு வரட்டும். அதன் கடைசி வரியாக, 'பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கவும்' என்றும் போடுங்கள். நான் சொன்னால் கேட்பதில்லை. அச்சில் வந்தால் மறுபேச்சு கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி