எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பேரங்காடி: பட்டர்வொர்த் நண்பருக்குக் கடிதம்

பழைய கிள்ளான் சாலை,
கோலாலம்பூர்.

அன்பு நண்பரே,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. துணைவியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமலேயே கோயிலுக்கு நடந்து போய் வருகிறார் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து இங்கே எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் வீட்டிலும் அனைவரும் நலம். பேத்தி இவ்வாண்டு படிவம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். அவள் பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம், சிலாங்கூரில் இருக்கிறது.

அந்த எல்லையைப் பற்றித்தான் இம்முறை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வட்டாரத்தில், கோலாலம்பூருக்கு உட்பட்ட ஒரு நிலத்தில் பெரிய பேரங்காடி ஒன்று வரவிருப்பதாகவும், எல்லைக்கு அப்பால் இருக்கும் நகராண்மைக் கழகம் அதைக் குறித்துக் கவலை தெரிவித்திருப்பதாகவும் முன்பு எழுதியிருந்தேன். அதற்கு நீங்கள், ஒரு நகரம் தன் நிலத்தில் கடை கட்டினால் அடுத்த ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன வேலை, இது பொறாமையாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். தலைமையாசிரியராக இருந்தவர் கேட்கும் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் எழுத எனக்கு மனமில்லை. பணி ஓய்வு பெறும்வரை ஊராட்சி மன்றம் ஒன்றின் மதிப்பீட்டுத் துறையிலேயே இருந்தவன் என்பதால், இந்த விவகாரத்தின் கணக்கு எனக்குப் பழக்கமானது. பேரங்காடி வந்தால் அதன் வரி நான் வாழும் கோலாலம்பூருக்குத்தான் வரும். அப்படியிருந்தும், அண்டை நகராண்மைக் கழகம் சொல்வதில் பெரும்பகுதி நியாயம் என்றே நான் நினைக்கிறேன். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்திலும் அதையே சொன்னேன்.

முதலில் வரியைப் பார்ப்போம். பேரங்காடியில் மக்கள் செலவழிக்கும் பணத்துக்கான விற்பனை, சேவை வரி மத்திய அரசாங்கத்துக்குப் போகிறது. ஊராட்சி மன்றத்துக்கு வருவது முக்கியமாக மதிப்பீட்டு வரிதான். அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணித்து, அந்த ஆண்டு மதிப்பில் ஒரு விழுக்காட்டை வரியாக வசூலிக்கிறோம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இதற்கு 35 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரி, கட்டடம் எந்த மன்றத்தின் எல்லைக்குள் நிற்கிறதோ அந்த மன்றத்துக்கு மட்டுமே உரியது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அடுத்த நகரத்திலிருந்து வந்தாலும் அந்த நகரத்துக்கு ஒரு காசும் கிடையாது. உரிமக் கட்டணமும் மேம்பாட்டுக் கட்டணமும் அதே கதைதான்.

இனி எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பாருங்கள். பேரங்காடி திறந்த பிறகு சுற்றியுள்ள கடைவரிசைகளில் வியாபாரம் குறைகிறது. கடைக்காரர் வாடகையைக் குறைக்கச் சொல்கிறார். சிலர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டடம் நல்ல நிலையில் இருந்தும், நியாயமான வாடகை கேட்டும் ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடந்தால், உரிமையாளர் தாம் கட்டிய மதிப்பீட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். அதே சட்டத்தின் 162-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. அப்படிப்பட்ட விண்ணப்பங்களை நான் கையாண்டிருக்கிறேன். ஒரு வரிசையிலிருந்து ஒன்று வந்தால் அடுத்த அரையாண்டில் பக்கத்துக் கடையிலிருந்தும் வரும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சமயத்தில் வட்டார வாடகையே இறங்கியிருந்தால் காலியாகாத கடைகளின் ஆண்டு மதிப்பும் இறங்கும். ஆக, ஒரு நகரத்தின் வருமானம் கூடும் அதே வேளையில் அடுத்த நகரத்தின் வருமானம் சத்தமில்லாமல் கரைகிறது. அதே ஆண்டுகளில்தான் அதன் சாலைகளில் வாகனங்களும் பெருகுகின்றன.

அந்தக் கடைவரிசையை நீங்கள் ஒருமுறை என்னோடு வந்து பார்த்திருக்கிறீர்கள். காலையில் அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், வாழையிலைக் கட்டுகளும் முருங்கைக்கீரையும் வெற்றிலைக் கூடைகளும் நிறைந்திருக்கும். மளிகைக் கடைக்காரரின் மேசை இழுப்பறையில் ரப்பர் வளையம் போட்ட 555 புத்தகங்கள், அதாவது கடன் கணக்கு எழுதும் சிறு குறிப்பேடுகள், அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு குடும்பத்தின் பெயர். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, சம்பளம் வரும்வரை அந்தப் புத்தகத்தை நம்பித்தான் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளாக அடுப்பு மூட்டுகின்றன. பேரங்காடியில் விலை குறைவாக இருக்கலாம், குளிர்சாதனம் இருக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் ஐந்து கிலோ அரிசியைக் கடனாகக் கேட்க அங்கே ஆளில்லை. அந்தக் கடை மூடினால் நகராண்மைக் கழகத்தின் பதிவேட்டில் ஓர் உரிமம் குறையும், அவ்வளவே. அந்தப் புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கும் குடும்பங்கள் எந்த ஆய்வறிக்கையிலும் இடம்பெறாமல் போய்விடக்கூடாது என்பதுதான் என் கவலை.

போக்குவரத்தைப் பற்றி நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. எங்கள் தெருக்கோடியில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைத் தார் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தப் பக்கம் புதிதாகப் போட்ட கறுப்பு, அந்தப் பக்கம் ஒட்டுப் போட்ட சாம்பல். பேரங்காடிக்கு வரும் வாகனங்கள் கைப்பேசி காட்டும் குறுக்கு வழியாக அந்தச் சாம்பல் நிறச் சாலையில்தான் நுழையும். அது வீடுகளுக்காகப் போடப்பட்ட சாலை. நடுவே என் பேத்தியின் பள்ளி வாசல்.

இங்கே எனக்குத் தோன்றும் ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். மழைநீருக்கு இந்த நாட்டில் நல்ல விதிமுறை இருக்கிறது. வடிகால், நீர்ப்பாசனத் துறை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நகர மழைநீர் மேலாண்மைக் கையேட்டின்படி, ஒரு நிலத்தில் கட்டடம் எழுந்த பிறகு அங்கிருந்து வெளியேறும் வெள்ளத்தின் உச்ச அளவு, கட்டடம் எழுவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகக்கூடாது. மிஞ்சும் நீரை நிலத்துக்குள்ளேயே தேக்கி வைத்து மெல்ல விட வேண்டும். கோலாலம்பூரில் பெய்யும் மழை கிள்ளான் ஆற்றோடு சிலாங்கூருக்குள் இறங்குவதால் இந்த விதியின் அருமை கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் இருவரும் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கினோம். ஆனால் ஒரு நிலத்திலிருந்து வெளியேறும் வாகனங்களுக்கு இப்படி ஒரு வரம்பு இல்லை. போக்குவரத்துத் தாக்க ஆய்வைச் செய்யச் சொல்கிறார்கள், உண்மைதான். அந்த ஆய்வு அனுமதி வழங்கும் மன்றத்தின் மேசைக்குப் போகிறது. பாதிப்பைச் சுமக்கப் போகிற மன்றம் அதைக் கேட்டுப் பெற வேண்டிய நிலையில் நிற்கிறது.

அண்டைக் கழகம் சொல்லும் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. தங்கள் நகரத்தில் ஏற்கெனவே பேரங்காடிகள் இருக்கின்றன, புதியது வந்தால் அவற்றின் வியாபாரம் கெடும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெரு வணிகரை இன்னொரு பெரு வணிகரிடமிருந்து காப்பது ஊராட்சி மன்றத்தின் வேலையன்று. மேலும், இந்த எல்லையில் இரு தரப்பும் கட்டியிருக்கின்றன. 1995-இல் திறந்த ஒன் உத்தாமா பேரங்காடி சிலாங்கூரின் பெட்டாலிங் ஜெயாவில் நிற்கிறது. சாலையைக் கடந்தால் கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில். 1999-இல் திறந்த மிட் வேலி கோலாலம்பூருக்குள் இருந்தாலும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் வருபவர்களுக்கு வாசற்படியிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த புக்கிட் ஜாலில் வட்டாரத்தில் 2021 டிசம்பரில் 18 லட்சம் சதுர அடிப் பேரங்காடி திறந்தது. சிலாங்கூர் பக்கம் இருக்கும் பூச்சோங், கின்றாரா மக்களுக்கு அது அடுத்த வீடு. ஆகவே எவரும் எவரையும் குற்றம் சொல்வதில் பொருளில்லை. இருவரையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்தும் ஒரு நடைமுறைதான் வேண்டும்.

பேரங்காடி இடம் தேவைக்கு மேல் இருக்கிறது என்ற வாதத்தை மட்டும் தள்ளிவிட முடியாது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2017-இல் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. கிள்ளான் பள்ளத்தாக்கோடு உங்கள் பினாங்கையும் ஜொகூரையும் சேர்த்தே சொன்னது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் புதிய பேரங்காடிகளுக்கான அனுமதியை மத்திய அரசாங்கம் நிறுத்தி வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2023-இலும் நாட்டின் பேரங்காடி இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆளில்லாமல்தான் இருந்தது. அப்படி ஆளில்லாமல் போகும் கட்டடத்தையும் அதைச் சுற்றிப் போட்ட சாலைகளையும் பிறகு யார் பராமரிப்பது என்பதைக் கட்டும் முன்பே கேட்பது தவறாகாது.

பினாங்கில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. 2014-இல் இரண்டாவது பாலம் திறந்து, பிறகு பெருநிலத்துப் பத்து காவானில் 2016-இல் டிசைன் வில்லேஜ் பேரங்காடியும் 2019-இல் ஐக்கியா அறைகலன் கடையும் வந்தபோது தீவிலிருந்து மக்கள் பாலம் கடந்து போகத் தொடங்கினார்கள். தீவுக்கு ஒரு மாநகர் மன்றம், பெருநிலத்துச் செபராங் பிறைக்கு ஒரு மாநகர் மன்றம் என்றாலும் இரண்டும் ஒரே மாநிலத்தின் கீழ் வருகின்றன. முதலமைச்சர் தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழு என்ற ஒரே மேசையில் இரு தரப்பையும் உட்கார வைக்க முடியும். எங்களுக்கு அந்த மேசை இல்லை. 1974 பிப்ரவரி 1 வரை கோலாலம்பூர் சிலாங்கூரின் ஒரு பகுதி. அன்று கூட்டரசுப் பிரதேசம் ஆன பிறகு, கோலாலம்பூரில் திட்டமிடல் அனுமதி கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமான 267-ஆம் சட்டப்படி டத்தோ பண்டார் எனப்படும் மாநகர் தலைவரின் கையில்; சிலாங்கூரில் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமான 172-ஆம் சட்டப்படி அந்தந்த ஊராட்சி மன்றத்தின் கையில். பிரதமர் தலைமையில் தேசிய நிலையில் ஒரு திட்டமிடல் மன்றம் இருக்கிறது என்றாலும், 172-ஆம் சட்டம் கட்டாயம் அதன் ஆலோசனையைக் கேட்கச் சொல்வது 100 ஹெக்டரைத் தாண்டும் புதுநகரம் போன்ற பெருந்திட்டங்களுக்குத்தான். பத்துப் பன்னிரண்டு ஏக்கரில் எழும் பேரங்காடி அந்த அளவுகோலுக்குள் வராது.

அண்டை என்பதற்கு 172-ஆம் சட்டம் தரும் விளக்கமும் மிகக் குறுகியது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஆட்சேபம் கேட்கப்பட வேண்டியவர்கள், ஒட்டிய நிலத்தின் உரிமையாளர்கள் அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ இடையில் இருக்கும் நிலத்தின் உரிமையாளர்கள். முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டர்வரை. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மாடி எழும்புகிறதென்றால் இது போதும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவனின் சாலையையும் கடையையும் தொடும் கட்டடத்துக்கு இது போதாது. 2023 ஏப்ரல் 18 அன்று, கோலாலம்பூர்ப் பூங்கா ஒன்றில் அடுக்குமாடி கட்டும் அனுமதியை எதிர்த்த தாமான் ரிம்பா கியாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்ததை நீங்கள் எனக்கு முதலில் தொலைபேசியில் சொன்னீர்கள். நம் நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு என்று பெருமையோடு சொன்னீர்கள். நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் கட்டமைப்புத் திட்டத்திலிருந்து விலகி அனுமதி கொடுத்தால் டத்தோ பண்டார் அதற்குக் காரணம் கூற வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு உறுதியாக்கியது. அதே மரியாதை எல்லைக்கு அப்பால் வாழ்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். அவர்களுக்கு டத்தோ பண்டாரைக் கேள்வி கேட்க எந்த வாசலும் இல்லை. நமக்குமே 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்ட பிறகு அந்த வாசல் பெரிதாகத் திறக்கவில்லை. 1951-லேயே மலாயாவுக்கு வழிகாட்டியாக ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது என்று நீங்கள் வகுப்பில் பாடம் எடுத்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதைப் படிக்கும்போது மனம் வருந்தியது.

சங்கத்தின் சார்பில் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு நான் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரங்காடியே வேண்டாம் என்று அதில் கேட்கவில்லை. போக்குவரத்து ஆய்வு எல்லைக்கு அப்பால் இருக்கும் சந்திப்புகளையும் பள்ளி வாசலையும் சேர்த்து எண்ண வேண்டும்; அந்த அறிக்கை முடிவெடுக்கும் முன்பே அண்டை நகராண்மைக் கழகத்துக்குப் போக வேண்டும்; அவர்கள் எழுத்தில் தரும் கருத்தை ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; மேம்பாட்டாளர் கட்டும் தொகையில் ஒரு பகுதி அந்தச் சாம்பல் நிறச் சாலையைச் சீர்செய்யப் போக வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். சங்கத்தில் சிலர், நம் ஊருக்கு வரும் வரியை நாமே ஏன் தடுக்க வேண்டும் என்று கோபப்பட்டார்கள். நாளைக்கு அவர்கள் பக்கம் ஒன்று எழும்பினால் நாமும் இதையேதான் கேட்போம் என்றேன். சிலர் தலையசைத்தார்கள், சிலர் எழுந்து போனார்கள்.

உங்களிடம் இரண்டு உதவிகள் வேண்டும். மனு மலாய் மொழியில் இருக்கிறது. மதிப்பீட்டுப் பகுதி சரியாக வந்திருக்கிறது. மற்ற இடங்களில் என் நடை இன்னும் அலுவலகக் குறிப்பைப் போல இருக்கிறது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், சிவப்பு மையில் தாராளமாகத் திருத்துங்கள். இரண்டாவது, பத்து காவானில் கடைகள் வந்த பிறகு சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் பக்கத்தில் நம்மவர்களின் மளிகைக் கடைகளும் துணிக்கடைகளும் எப்படி இருக்கின்றன என்று நேரில் விசாரித்து எழுதுங்கள். வியாபாரம் கெடவில்லை என்று தெரிந்தாலும் அப்படியே எழுதுங்கள். மனுவில் அதையும் சேர்ப்பேன். அடுத்த மாத முதல் வாரத்தில் கூட்டம் கூடுகிறது, அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.

துணைவியாருக்கு என் வணக்கத்தையும் என் வீட்டாரின் அன்பையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்